புதன்தோறும் மெலிந்த மாய்க்கன்

ஈஸ்டர் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, டோர்க்கெல் ஹெட்மானின் அலுவலகத்துக்குள் நுழைந்த பெண்மணி, காலணியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு வரக்கூட மறந்திருந்தார். ஹம்மர்விக் ஊரில் அதை யாரும் மறப்பதில்லை. விஷயம் பெரிதுதான் என்று டீசா அப்போதே முடிவுகட்டி, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

டீசா டோர்க்கெலிடம் உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் வந்ததெல்லாம் காணாமல் போன இரண்டு படகும், யாரோ கொளுத்திவிட்ட ஒரு கொட்டகையும்தான். உருப்படியாக ஒரு சதிகூட வாய்க்கவில்லையே என்று அவளுக்கு உள்ளூரக் குறை. டோர்க்கெலுக்கு அந்தக் குறையெல்லாம் கிடையாது. முப்பது வருடம் காப்பீட்டு நிறுவனங்களுக்காகத் தீ விபத்துகளைத் துருவிப் பார்த்த மனிதர். கையிலிருக்கும் காபி தீரும்வரை எதிலும் கருத்துச் சொல்ல மாட்டார்.

"என் பேரு சோல்வெய்க்," என்றார் வந்தவர். "உருக்காலையை ஒட்டினாப்ல ஒரு சின்னக் கூடம் இருக்கே, அது எங்களோடது. அங்க ஒரு திருட்டு நடக்குது. வாரா வாரம் நடக்குது."

"என்ன திருடு போகுது?" டீசாவின் பேனா தயாராக இருந்தது.

"பிளாஸ்டிக். பூட்டின தொட்டிக்குள்ள இருந்து. அதுலயும், உயிரோட இருக்கிற கிருமிங்க வயித்துக்குள்ள இருந்து."

டீசா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். டோர்க்கெல் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். பாதிக் காபியில் அவர் கோப்பையை வைத்தது இந்த எட்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

சோல்வெய்க் பொறுமையாக விளக்கினார். உருக்காலையின் உலையிலிருந்து வீணாகப் போகும் வாயுவில் கொஞ்சத்தைக் குழாய் வழியாகத் தொட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். தொட்டி நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த வாயுவைத் தின்று, உடம்புக்குள் ஒரு வகைப் பிளாஸ்டிக்கைச் சேர்த்து வைக்கின்றன. மண்ணில் புதைத்தால் இலைதழை போல மக்கிப்போகும் பிளாஸ்டிக் அது.

"அதுங்க எதுக்காகச் சேர்த்து வைக்கணும்?" என்று கேட்டார் டோர்க்கெல்.

"நமக்குத் தொப்பை விழற மாதிரிதான். வெள்ளிக்கிழமை புதுசா ஒரு தொட்டி ஆரம்பிப்போம். மொதல்ல பெருகறதுக்கு நைட்ரஜன் சத்து கொடுப்போம். அப்புறம் அதை நிறுத்திட்டு வாயுவை மட்டும் தாராளமா விடுவோம். பெருகவும் முடியாது, தீனியும் குறையாது. தின்னதை என்ன பண்ணும்? உடம்புல சேர்த்துக்கும். நூறு கிராம் கிருமியில எழுபது கிராம் வரைக்கும் பிளாஸ்டிக் ஏத்தியிருக்கேன். நடுவுல மறுபடி நைட்ரஜன் கெடைச்சுதோ, போச்சு. சேர்த்ததைக் கரைச்சுத் தின்னுட்டுப் பெருக ஆரம்பிச்சிடும்."

"காத்துலயே நைட்ரஜன் இருக்கேங்க," என்றாள் டீசா. பள்ளிக்கூடத்தில் படித்தது வீண்போகவில்லை என்று அவளுக்கு ஒரு சின்னப் பெருமை.

"அதை இதுங்களால செரிக்க முடியாது. அம்மோனியாவா கொடுத்தாத்தான் ஏத்துக்கும். எங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு பாட்டில். பூட்டின அலமாரியில இருக்கு. சாவி இதோ." கழுத்துச் சங்கிலியை இழுத்துக் காட்டினார். "பாட்டில்ல கோடு போட்டு வச்சிருக்கேன். ஒரு சொட்டு குறையலை. ஆனா பத்தாவது வாரம், பதினொண்ணு, பன்னெண்டு, பதினாலு, நாலு தடவை ஆயிடுச்சு. செவ்வாய் சாயங்காலம் எழுபது இருக்கும். வியாழன் காலையில பார்த்தா நாப்பது."

ஹம்மர்விக்கில் யாரும் தேதி சொல்லிப் பேசுவதில்லை. ஜனவரியிலிருந்து எண்ணி, எத்தனையாவது வாரம் என்றுதான் சொல்வார்கள்.

"பதிமூணை விட்டுட்டீங்க," என்றார் டோர்க்கெல்.

"அந்த வாரம் மட்டும் ஒண்ணும் ஆகலை. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் புரியலை."

"கிருமிங்க செத்துக் கெடந்துச்சா?"

"இல்லையே! அதான் எரிச்சல். முன்னைவிட ஜோரா இருக்குதுங்க. எண்ணிக்கைதான் கூடியிருக்கு."

டோர்க்கெல் கோப்பையை மறுபடி கையில் எடுத்தார். "அப்போ யாரும் விஷம் வைக்கலை. விருந்து வச்சிருக்காங்க," என்றார் மெதுவாக. "யார் மேல சந்தேகம்?"

சோல்வெய்க் சாவியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார். "எனக்கு இல்லை. என் கூட்டாளி ஆர்விட் இருக்கானே, பொறியாளர், அவனுக்கு இருக்கு. புதன்கிழமை காலையில ஆறு மணியிலேர்ந்து கூடத்துல இருக்கிறது ஒரே ஆளு. யிங்வென்னு பேரு. முப்பத்தஞ்சு வருஷம் உலையில வேலை பார்த்துட்டு, நாலு வருஷமா எங்க தொட்டியைக் கவனிச்சுக்கிறார். அவர்தான் வேணும்னே கெடுக்கிறார்னு ஆர்விட் போலீசுக்குக் கடுதாசி எழுதி வச்சிருக்கான். நாளைக்கு நானும் கையெழுத்துப் போட்டாகணும். நான் தெற்குலேர்ந்து இந்த ஊருக்கு வந்த அன்னிக்கு, கதவைத் திறந்து 'உள்ள வாம்மா, வெளிய நின்னா காது உதிர்ந்துடும்'னு சொன்ன மொதல் மனுஷர் அவர். அவருக்கு எதிரா எப்படிங்க என் கை எழுதும்?"

"கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க," என்றார் டோர்க்கெல். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வர்றோம்."

மறுநாள் ஆறு மணிக்கே நல்ல வெளிச்சம். கதவைத் திறந்த யிங்வெ நெடுநெடுவென்று உயரமாக இருந்தார். முழங்கைவரை மாவு அப்பியிருந்தது. வந்தவர்கள் துப்பறிகிறவர்கள் என்று தெரிந்தும் அவர் முகம் சுருங்கவில்லை. முதலில் அவர்களை நேராகத் தொட்டியிடம் அழைத்துப்போனார்.

"இவதான் மாய்க்கன்," என்று சொல்லி, பீப்பாய் அளவே இருந்த எஃகுத் தொட்டியின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினார். "வயித்துக்குள்ள கடகடன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருப்பா. பசுமாட்டுக்கு வைக்கிற பேரு. இவளுக்கும் பொருந்துது."

டோர்க்கெல் தொட்டியைச் சுற்றி வந்தார். உள்ளே போகும் குழாய்கள் மூன்றே மூன்றுதான். ஒன்றில் உலை வாயு, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் வெளிக்காற்று. நுண்ணுயிர்களுக்கும் மூச்சுவிட வேண்டுமே. மூன்றையும் தான் சோதித்துவிட்டதாகச் சொன்னார், அன்று அவர்களோடு வந்திருந்த சோல்வெய்க். வாயுவையும் தண்ணீரையும் தினமும் சோதித்தாராம். காற்றை இரண்டு தடவை, ஒரு திங்களன்றும் ஒரு வியாழனன்றும். மூன்றிலும் ஒரு குறையும் இல்லை.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க யிங்வெ," என்றார் டோர்க்கெல். "புதன்கிழமைன்னா என்னென்ன செய்வீங்களோ, அது எதையும் இன்னிக்கு மாத்த வேண்டாம்."

யிங்வெயின் புதன்கிழமை வேலை சமையலறையில் இருந்தது. ஒன்பது மணிக்கு ஃபீகா, அதாவது காபியும் பிஸ்கட்டுமாக ஓர் இடைவேளை. கூடத்து ஆட்களும் பக்கத்துக் கொட்டகை வெல்டர்களுமாக நாற்பது பேர் காபி குடிக்க வருவார்கள். அவர்களுக்கு யிங்வெ பன்னிரண்டு தட்டு பிஸ்கட் சுடுவார். கடித்தால் வாயில் கரைந்துவிடும், 'கனவு' என்று பெயருள்ள வெள்ளை பிஸ்கட். மனைவியிடமிருந்து விவாகரத்தும் இந்தச் செய்முறையும் ஒரே வருடத்தில் கிடைத்தன என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

டீசாவின் வீட்டில் எப்போதும் கடை பிஸ்கட்டுதான். ஆசை தாங்காமல் ஒரு விரல் பச்சை மாவை வழித்து வாயில் போட்டாள். மறுகணம் கண்ணில் நீர் முட்ட, பாத்திரம் கழுவும் இடத்துக்கு ஓடித் துப்பினாள்.

"ஏம்மா, பச்சை மாவைத் தின்னலாமா?" யிங்வெ விழுந்து விழுந்து சிரித்தார். "மான்கொம்பு உப்பு போட்டதும்மா! பேருதான் அப்படி, பொட்டலம் கடையில வாங்குறது. அதைப் போட்டாத்தான் பொறபொறன்னு வரும். பச்சையில நாறும், வெந்துட்டா மணக்கும்." அடுப்பு விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, வெந்த முதல் தட்டை வெளியே எடுத்தார். அடுப்புக் கதவு திறந்ததும் சுள்ளென்று ஒரு நெடி மூக்கில் ஏறியது. மூன்று பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். விசிறி ஒரு நிமிடத்தில் அதை இழுத்துக்கொண்டுவிட்டது.

டோர்க்கெல் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு தாளைப் பின்னுக்குப் புரட்டிப் பார்த்தார். பிறகு சோல்வெய்க்கிடம் போய், சோதனைச்சாலையில் புளிப்பையும் காரத்தையும் பார்க்கும் மஞ்சள் காகிதத்தில் இரண்டு துண்டும் ஒரு குவளைத் தண்ணீரும் வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். டீசா வாயைக் கொப்பளித்துவிட்டுப் பின்னால் ஓடினாள்.

கட்டடத்தைச் சுற்றிலும் கூரை விளிம்பில் பனிக்கட்டி ஈட்டி ஈட்டியாகத் தொங்கியது. முற்றத்துப் பக்கம் ஓரிடத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அங்கே சுவர் ஈரமாகக் கறுத்திருந்தது. மேலே ஒரு கம்பிச் சல்லடை. அதற்கு ஒரு கை கீழே பளபளவென்று புதுக் குழாயின் வாய். அதன் அடியில் உறைந்த சேற்றில் ஆழமாக இரண்டு பூட்ஸ் தடம்.

"டோர்க்கெல்! யாரோ இங்க ரொம்ப நேரம் நின்னிருக்காங்க!" டீசா குனிந்து கையாலேயே அளந்தாள். "பெரிய காலு. யிங்வெ காலைவிடப் பெருசு!"

"அது என் காலு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிவப்புத் தாடியும் பூட்ஸுமாக ஒரு நாற்பது வயதுக்காரர் நின்றிருந்தார். அவர்தான் ஆர்விட். "அந்தக் குழாயைப் போட்டதே நான்தாங்க. காத்துக் குழாயோட வாய் முன்னே வடக்குப் பக்கம் இருந்துச்சு. ஒன்பதாவது வாரம் அடிச்ச புயல்ல உறைஞ்சு அடைச்சுக்கிச்சு, தொட்டிக்கு மூச்சு நின்னு போச்சு. அதான் இங்க மாத்தினேன். இந்த இடத்துல பனியே பிடிக்காது, பாருங்க."

"நல்ல யோசனை," என்றார் டோர்க்கெல். அவர் காகிதத் துண்டுகளை நனைத்தார். ஒன்றைப் புதுக் குழாயின் வாயில் செருகினார். மற்றதை வடக்குச் சுவரில் இருந்த பழைய இடத்தில் ஒட்டிவிட்டு வந்தார்.

"காகிதத்தை விடுங்க, ஆளைப் பாருங்க," என்றார் ஆர்விட் எரிச்சலோடு. "உலையில எரிய வேண்டிய வாயுவைப் புழுவுக்கு ஊட்டுறீங்களேன்னு மொத நாளே கேட்டவர் யிங்வெ. அவருக்கு மனசுக்குள்ள எங்க மேல காட்டம். நான் ஒண்ணும் ஆசைப்பட்டுக் கடுதாசி எழுதலை. நாலு தொட்டி வீணாப் போயிருக்கு. இன்னும் ரெண்டு போச்சுன்னா கூடத்தை மூடிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

டீசாவுக்கு ஆர்விட்டைப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்த களைப்பு பொய்யில்லை என்றும் தோன்றியது. பிடிக்காத ஆள் குற்றவாளியாகவும் இருந்துவிட்டால் எவ்வளவு வசதி என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு வெல்டர்கள் காபி குடித்துவிட்டுக் கலைந்ததும், டோர்க்கெல் மற்ற மூவரையும் உட்காரச் சொன்னார். சோல்வெய்க் கழுத்துச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். ஆர்விட்டின் சட்டைப் பையில் கடுதாசியின் முனை தெரிந்தது. யிங்வெ பிஸ்கட் தட்டை எல்லோருக்கும் நீட்டினார். டீசா இரண்டு எடுத்துக்கொண்டாள். ஆர்விட் எடுக்கவில்லை, அவர் எப்போதுமே இனிப்பு தொடுவதில்லையாம்.

"கிருமிங்க செழிப்பா இருக்குன்னா, அதுங்களுக்கு அம்மோனியா கெடைச்சிருக்கு," என்று ஆரம்பித்தார் டோர்க்கெல். "பாட்டில்லேர்ந்து போகலை. சாவி அம்மா கழுத்தை விட்டு எறங்கலை. அப்போ மூணு குழாய்ல ஒண்ணு வழியாத்தான் போயிருக்கணும். வாயுவையும் தண்ணியையும் தினமும் பார்த்திருக்காங்க. காத்தைப் பார்த்தது ரெண்டே தடவை. அதுல ஒண்ணுகூடப் புதன்கிழமை இல்லை."

"காத்துல எப்படிங்க அம்மோனியா வரும்?" என்றார் ஆர்விட்.

"டீசா, அந்தப் பச்சை மாவு எப்படி நாறுச்சு?"

டீசா யோசித்தாள். "தலைக்குச் சாயம் போடுவாங்களே, அந்த டப்பாவைத் திறந்த மாதிரி... ஐயையோ!" வாயிலிருந்த பிஸ்கட்டை அவள் அவசரமாக விழுங்கினாள்.

"பயப்படாதே, வெந்தா போயிடும். ஆனா எங்க போகும்? மான்கொம்பு உப்புங்கிறதே அம்மோனியா கலந்த உப்புதான். அந்தக் காலத்துல நெசமாவே மான்கொம்பைக் காய்ச்சி எடுத்தாங்க, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. அடுப்புச் சூட்டுல அது வாயுவாப் பிரிஞ்சு வெளியேறும். அதனாலதான் பிஸ்கட் பொறபொறன்னு ஆகுது. பன்னெண்டு தட்டு அம்மோனியாவை விசிறி இழுத்து, முற்றத்துச் சல்லடை வழியா ஊதித் தள்ளுது. வெதுவெதுன்னு வர்ற அந்தக் காத்துனாலதான் அங்க பனி பிடிக்கலை. அதுக்கு ஒரு கை கீழ மாய்க்கனோட மூக்கு."

டோர்க்கெல் பையிலிருந்து இரண்டு காகிதத் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். வடக்குச் சுவரில் இருந்தது மஞ்சளாகவே இருந்தது. குழாய் வாயில் இருந்தது கருநீலம்.

சோல்வெய்க் வாயில் கைவைத்துக்கொண்டார். "கடவுளே... தொட்டி சின்னது. இவ்வளவு போதும் அதுங்களுக்கு. தாராளமாப் போதும்."

"ஒரு நிமிஷம்," என்றார் ஆர்விட். அவர் எளிதில் விடுகிற ஆள் இல்லை. "பதிமூணாவது வாரமும் குழாய் அங்கதான் இருந்துச்சு. யிங்வெயும் இருந்தார். அன்னிக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?"

"அந்த வாரத்துப் புதன்கிழமை என்ன தேதின்னு பார்த்தீங்களா? யாரும் பார்த்திருக்க மாட்டீங்க, நாம வாரத்தைத்தான் எண்ணுவோம். மார்ச் இருபத்தஞ்சு."

"வாஃபிள் நாள்!" என்று கத்தினாள் டீசா. அந்தத் தேதியில் நாடு முழுக்க வாஃபிள்தான். வேறு எதையும் சுடுவது அன்று யாருக்கும் தோன்றாது.

யிங்வெ மெதுவாகத் தலையாட்டினார். "ஆமா. அன்னிக்கு வாஃபிள் வார்த்தேன். சாதாரண பேக்கிங் பவுடர்தான். மேல ஜாமும் க்ரீமும்." கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். அவ்வளவு உயரமான மனிதர் நாற்காலியில் சுருங்கிப்போனார். "அப்போ நான்தானா? ஆர்விட் சொன்னது நெசந்தானா? நாலு தடவையும் என் கையாலயே மாய்க்கனைக் கெடுத்திருக்கேன்."

டோர்க்கெல் காபியை ஒரு வாய் குடித்தார்.

"நீங்க நாலு வருஷமா பிஸ்கட் சுடறீங்க. அஞ்சு வாரம் முன்னாடி வரைக்கும் அவளுக்கு ஒரு குறையும் வரலை. அவ மூக்கைக் கொண்டுபோய் உங்க அடுப்பு வாசல்ல வச்சது யாரு?"

எல்லோரும் ஆர்விட்டைப் பார்த்தார்கள். தாடியின் சிவப்பு கன்னம் வரை ஏறியது. சட்டைப் பையிலிருந்து கடுதாசியை எடுத்து விரித்தார். ஒரு தடவை படித்தார். பிறகு அதைத் திருப்பிப் போட்டு, டீசாவின் பேனாவைக் கேட்டு வாங்கி, எழுதாத பக்கத்தில் கட்டடத்தின் நான்கு சுவர்களை வரைந்தார்.

"கிழக்குப் பக்கம் கொண்டுபோயிடலாம்," என்றார் தலை நிமிராமல். "பனி பிடிக்காம இருக்க ஒரு வெப்பக் கம்பி சுத்தினாப் போதும். இன்னிக்கே முடிச்சிடறேன்." பேனா நின்றது. "யிங்வெ... நான் உங்களைப் பத்தி அப்படி எழுதியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

"குழாயைப் போடு மொதல்ல. மன்னிக்கிறதா வேணாமான்னு அப்புறம் யோசிக்கிறேன்," என்றார் யிங்வெ. தட்டை எடுத்து ஆர்விட் முன்னால் நீட்டினார். "அதுக்கு முன்னாடி ஒண்ணு எடு. நாலு வருஷமா வேணாம் வேணாம்னு தலையாட்டறே. இந்தக் கிருமிங்ககூட நாலு தடவை தின்னிருக்குதுங்க."

முதலில் சிரித்தது சோல்வெய்க். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தார். ஆர்விட் ஒரு பிஸ்கட்டைக் கடித்தார், மென்று முடித்துவிட்டு இன்னொன்று எடுத்தார்.

பதினாறாவது வாரம் வியாழனன்று டோர்க்கெலின் அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. எழுபத்திரண்டு என்றார் சோல்வெய்க், வணக்கம்கூடச் சொல்லாமல். மறுநாள் அவர்கள் இருவரையும் ஃபீகாவுக்கு அழைத்திருந்தார். வெள்ளிக்கிழமை என்பதால் அன்று புதுத் தொட்டி தொடங்கும் நாள்.

அவர்கள் போனபோது யிங்வெ கை கழுவிவிட்டு மாய்க்கனின் பக்கத்தில் நின்றிருந்தார். சோல்வெய்க் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார். நாலு வருடத்தில் அதை யாரிடமும் கொடுக்காதவர், சாவியை யிங்வெயின் உள்ளங்கையில் வைத்தார்.

"இனிமே நீங்களே ஊத்துங்க," என்றார். "உங்க கையால கொடுத்தா நல்லாப் பெருகுதுங்கன்னு நாலு தடவை நிரூபிச்சுட்டீங்க."

யிங்வெ சாவியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தொட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு அலமாரியைத் திறந்து, பாட்டிலில் போட்டிருந்த கோட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்து, சொன்ன அளவை ஒரு சொட்டுப் பிசகாமல் ஊற்றினார்.

"நல்லாக் கேட்டுக்கடி," என்றார் மாய்க்கனிடம். "வெள்ளிக்கிழமை உனக்கு ஃபீகா. புதன்கிழமை எங்களுக்கு."